மழைக்கால மூச்சிரைப்பு: குட்டியின் நுரையீரல் புரதத்தைக் கூட்ட மருந்து உண்டா?

கேள்வி: குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்தில் ஆடு வளர்க்கிறேன். மழை பிடித்தால் குட்டிகளுக்குச் சளி, இருமல், இரைப்பு. இந்த ஐப்பசியில் இரண்டு குட்டிகள் செத்துவிட்டன. தாய் ஆடுகளுக்கு ஒன்றுமில்லை. நுரையீரலிலேயே கிருமியைப் பிடிக்கும் புரதம் உண்டு என்று டாக்டர் சொன்னார். அதைக் கூட்ட மருந்து உண்டா?

பதில்: கிடையாது. அப்படிச் சொல்லி யாராவது டானிக் விற்றால் வாங்காதீர்கள்.

டாக்டர் சொன்னது உண்மைதான். நுரையீரலின் காற்றுப்பைகளுக்குள் சர்ஃபாக்டன்ட் என்ற மெல்லிய கொழுப்புப் படலம் இருக்கிறது. மூச்சு விடும்போது பைகள் ஒட்டிக்கொள்ளாமல் காப்பது அதுதான். அதிலுள்ள ஏ, டி என்ற இரண்டு புரதங்கள் கிருமியின் மேலுள்ள சர்க்கரைப் பொருளைப் பற்றி, பல கிருமிகளை ஒன்றாகத் திரட்டிவிடும். அங்கிருக்கும் மேக்ரோபேஜ் செல்கள் அந்தத் திரளைச் சுலபமாக விழுங்கும். புதிதாக வரும் கிருமியையும் இந்தப் புரதங்கள் பிடிக்கும் என்பதால் சிறு குட்டிக்குப் பெரிய துணை. ஆனால் சினையின் கடைசி நாட்களில்தான் இந்தப் படலம் முதிரும். ஐந்து மாதம் நிறையாமல் பிறந்த குட்டிக்கு அது போதாது. குறைமாதக் குழந்தைகளுக்கு மாட்டு நுரையீரலிலிருந்து எடுத்துக் கொடுக்கும் சர்ஃபாக்டன்ட் மருந்தில்கூட இந்த ஏ, டி புரதங்கள் இருப்பதில்லை.

நிறைமாதக் குட்டி என்றால் கொட்டிலைத்தான் பார்க்கவேண்டும். பாஸ்சுரெல்லா, மேன்ஹைமியா கிருமிகள் நல்ல ஆட்டின் மூக்கிலும் தொண்டையிலும் சும்மா இருப்பவை. ஈரம், குளிர், நெரிசல் சேர்ந்தால் பெருகி நுரையீரலுக்கு இறங்கும். மூத்திர நெடி மூச்சுக்குழாயைப் புண்ணாக்கி வழிவிடும். அத்தனை கிருமி வந்தால் புரதம் என்ன செய்யும்? தாய் ஆட்டின் ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் ஏற்கெனவே இருக்கிறது. குட்டிக்கு அது சீம்பால் வழியாகத்தான் போகவேண்டும்.

பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் குடிக்க வையுங்கள். முதல் நாளில் குட்டியின் எடையில் பத்தில் ஒரு பங்காவது போகவேண்டும். நம் குமரி மாவட்டத்தில் ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை. தரை காயவே காயாது. கமுகு வரிச்சலில் இடைவெளி விட்டுப் பரண் போட்டுவிடுங்கள். தார்ப்பாயால் நாலு பக்கமும் மூடாதீர்கள். சாரல் அடிக்கும் பக்கம் மட்டும் மறைத்து, மேலே காற்று போக வழி விடுங்கள். கொட்டிலில் நீங்கள் குனிந்தால் மூத்திர நெடியில் கண் எரிகிறதா? குட்டி அதே உயரத்தில்தான் மூச்சு விடுகிறது.

அப்புறம், இருமும் குட்டிக்கு எண்ணெயோ கஷாயமோ வாயில் ஊற்றவே கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும். காய்ச்சல் 104 டிகிரி தாண்டினாலோ, வயிறு எக்கி மூச்சு வாங்கினாலோ குட்டியைத் தனியே பிரித்து, அன்றே கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணான 1962க்கு அழையுங்கள். ஆன்டிபயாட்டிக் எது, எத்தனை நாள் என்பதை டாக்டர் சொல்லட்டும். இருமல் நின்றதும் ஊசியைப் பாதியில் நிறுத்தாதீர்கள்.