சுபேதார் பதில்கள்: கொப்புளம் வந்தால் யாரிடம் சொல்வாய்?

கேள்வி: என் தம்பிக்கு 34 வயது. நான்கு வருடம் முன்பு எல்லையில் கண்ணிவெடியில் இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. இப்போது ராணுவத்தில் அடிபட்ட நண்பர்கள் ஐந்து பேர் சேர்ந்து இமயமலையில் ஒரு சிகரம் ஏறப் போகிறார்களாம். தினமும் விடியற்காலையில் முதுகில் மூட்டையோடு கிளம்பிவிடுகிறான். அம்மா ஒரே அழுகை. நீங்களும் கால் இழந்தவர்தானே ஐயா, தடுக்கட்டுமா?
(வாசகி, குடியாத்தம்)

பதில்: தடுக்காதே தங்கச்சி. ஆனால் ஒன்று கேட்டுப் பார். “ஸ்டம்பில் கொப்புளம் வந்தால் முதலில் யாரிடம் சொல்வாய்?” என்று கேள். ஸ்டம்ப் என்றால் வெட்டுப்பட்டதுபோக மிச்சம் இருக்கும் கால். “யாரிடமும் சொல்ல மாட்டேன், சமாளித்துக்கொள்வேன்” என்றால் அப்போது கவலைப்படலாம்.

அந்தத் தப்பை நானே செய்திருக்கிறேன். புனே செயற்கை உறுப்பு மையத்தில் கால் போட்டுக்கொண்டு ஊருக்கு வந்த முதல் வருஷம், அக்கா மகள் கல்யாணம். தாய்மாமன் உட்கார்ந்திருந்தால் நாலு பேர் பாவமாகப் பார்ப்பார்களே என்று காலை ஆறு மணி முதல் பந்தியில் சாம்பார் வாளியோடு நின்றேன். பத்து மணிக்கே எரிச்சல் தொடங்கிவிட்டது. வாயைத் திறக்கவில்லை. ராத்திரி சாக்ஸைக் கழற்றினால் உள்பக்கம் ஈரமாக, ரோஸ் நிறத்தில் இருந்தது. அஞ்சு ரூபாய்க் காசு அளவுக்குத் தோல் போயிருந்தது. மூன்று வாரம் செயற்கைக் காலை மாட்ட முடியாமல் கட்டிலில் கிடந்தேன். “எல்லாம் சரியாக இருக்கிறது சாப்” என்று அதிகாரிகளிடம் வருஷக்கணக்கில் சொல்லிப் பழகிய வாய். பென்ஷன் வாங்கிய பிறகும் அதேதான் வருகிறது.

காலையில் கச்சிதமாக உட்கார்ந்த சாக்கெட், அதாவது ஸ்டம்ப் நுழையும் செயற்கைக் காலின் கிண்ணம், மத்தியானம் லொடலொடக்கும். நடக்க நடக்க ஸ்டம்ப் சுருங்கும், ஸ்டம்பின் மேல் மாட்டும் மெத்தென்ற உறையான லைனருக்குள் வியர்வை தேங்கும். உடனே நின்று, காலைக் கழற்றி, துடைத்து, இன்னொரு சாக்ஸ் ஏற்றி மாட்ட வேண்டும். தனியாகப் போகிறவன் ‘அடுத்த திருப்பத்தில் பார்த்துக்கலாம்’ என்று தள்ளிப்போடுவான். அடிபட்டவர்கள் சேர்ந்து போகும்போது ஒருத்தன் நின்றால் எல்லாரும் நிற்பார்கள். ஏன் என்று யாரும் கேட்பதில்லை. அடுத்து நிற்க வேண்டியவன் தானாக இருக்கலாம் என்று எல்லாருக்கும் தெரியும்.

நானும் இரண்டு முன்னாள் சிப்பாய்களும் அவ்வப்போது பர்வதமலை ஏறுவோம். ஒருத்தருக்கு ஒரு கண் கிடையாது. இன்னொருத்தர் முழங்காலில் குண்டுச் சில்லு இன்னும் கிடக்கிறது. மேலே கடப்பாரைப் பாதை வருமே, பாறையில் அடித்த இரும்பும் சங்கிலியுமாக, அங்கேதான் எனக்குப் பிரச்சினை. செயற்கைப் பாதம் இரும்பின் மேல் இருக்கிறதா, காற்றில் இருக்கிறதா என்று அதற்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. குனிந்து பார்த்தால் பள்ளம் தெரிந்து தலை சுற்றும். அதனால் பின்னால் வரும் ஒற்றைக்கண்காரர் பார்த்து, “உட்காந்திருச்சு சாப்” என்பார். அந்தக் குரல் வந்த பிறகுதான் எடையைப் போடுவேன். ஒரு தடவை ஞாபகம் இல்லாமல் அவர் பேசாமல் இருந்துவிட்டார். சங்கிலியைப் பிடித்தபடி அப்படியே நின்றேன். கீழே இருந்த கூட்டம் ‘அரோகரா’ போட ஆரம்பித்துவிட்டது.

தம்பியிடம் இன்னும் சில விஷயம் சொல். நம் பக்கத்து மலைகளில் எவ்வளவு ஏறினாலும் கால்தான் பழகும், உயரம் பழகாது. 3,000 மீட்டரைத் தாண்டினால் இன்று தூங்கும் இடம் நேற்றையதைவிட 500 மீட்டருக்கு மேல் உயரக் கூடாது. நடுவில் ஓய்வு நாளும் வேண்டும். பனியில் ஸ்டம்ப் சீக்கிரம் மரத்துப்போகும், அடிபட்டால்கூடத் தெரியாது. எனவே ராத்திரி டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும், கண்ணாடி வைத்துப் பார்த்தால் இன்னும் நல்லது. ஏறுவதைவிட இறங்குவதுதான் சாக்கெட்டைப் பதம் பார்க்கும், அதையும் தினசரிப் பயிற்சியில் சேர்க்கச் சொல். லைனர் கூடுதலாக ஒன்று, கண்டிப்பாக. டார்ஜிலிங்கிலும் உத்தரகாசியிலும் மலையேற்றப் பயிற்சி நிறுவனங்கள் இருக்கின்றன. போகும் முன் அங்கே எழுதிக் கேட்கட்டும்.

அம்மாவை ஒரு நாள் விடியற்காலையில் அவன் கூட அனுப்பு. அந்த ஐந்து பேரும் உட்கார்ந்து காலைக் கழற்றித் துடைக்கும் அழகைப் பார்க்கட்டும். அழுகை நிற்குமா தெரியாது. ஆனால் மறுநாள் ஐந்து பேருக்கும் இட்லி கட்டிக் கொடுப்பார்.

கேள்வி: இரண்டு காலும் இல்லாத கூர்க்கா வீரர் எவரெஸ்ட் ஏறினார் என்கிறார்கள். ஷெர்பா வழிகாட்டிகள் தூக்கிக்கொண்டு போயிருப்பார்களோ?
(கல்லூரி மாணவர், ஓசூர்)

பதில்: தம்பி, இரண்டு காலும் நன்றாக இருப்பவர்களும் அங்கே ஷெர்பா கட்டிய கயிற்றைப் பிடித்துத்தான் பெரும்பாலும் ஏறுகிறார்கள். அவர்களிடம் இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை.

நீ சொல்பவர் ஹரி புத்த மகர். நேபாளத்தில் ரோல்பா மாவட்டத்துக்காரர், பிரிட்டிஷ் ராணுவத்தின் கூர்க்கா படையில் இருந்தவர். 2010 ஏப்ரலில் ஆப்கானிஸ்தானில் வெடிகுண்டை மிதித்தார். இரண்டு காலும் முழங்காலுக்கு மேலே போய்விட்டன. எனக்கும் அவருக்கும் உள்ள வித்தியாசம் அந்த முழங்கால்தான். அது இருந்தால் படி ஏறலாம். அது இல்லாதவர் ஒவ்வொரு அடியையும் இடுப்பிலிருந்து தூக்கி வைக்க வேண்டும். மலைக்கு அவர் குட்டையான கால்களை மாட்டிக்கொண்டார். உயரம் குறைந்தால் விழுவதும் குறையும், விழுந்தாலும் அடி குறைவு. பனியில் குத்தி நிற்கும் கிராம்பான் முட்களை அந்தக் கால்களிலேயே பொருத்தினார்கள்.

ஊனம் என்றால் போன ஜென்மத்துப் பாவம் என்று கேட்டே வளர்ந்ததாக அவர் சொல்லியிருக்கிறார். நம் ஊர்த் திண்ணையிலும் கேட்ட வசனம்தான். காயத்துக்குப் பிறகு குடியில் விழுந்தார். அப்புறம் ஸ்கைடைவிங், பனிச்சறுக்கு என்று ஒவ்வொன்றாக எழுந்து, 2017-இல் 6,476 மீட்டர் மேரா சிகரம் ஏறினார். அந்த டிசம்பரில் நேபாள அரசு, இரண்டு காலும் இழந்தவர்களும் பார்வையற்றவர்களும் எவரெஸ்ட் ஏறக் கூடாது என்று விதி போட்டது. விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போய், 2018-இல் அந்தத் தடை விலகியது. 2023 மே 19, அவர் உச்சியில் நின்றார். வழிநடத்தியவர் கிருஷ்ணா தாபா, அவரும் முன்னாள் படைவீரர்தான். இறங்கும்போது பல இடங்களில் உட்கார்ந்தபடியே சறுக்கி வந்தாராம். நானும் பர்வதமலையில் அப்படித்தான். வேட்டி கட்டிக்கொண்டு போகாதீர்கள், அவ்வளவுதான்.

கேள்வி: இவ்வளவு பயிற்சி எடுத்துவிட்டுப் பாதியில் திரும்பி வந்தால் கேவலம் இல்லையா?
(வாசகர், ஆரணி)

பதில்: 2012-இல் காயம்பட்ட பிரிட்டிஷ் வீரர்களை ‘வாக்கிங் வித் த வூண்டட்’ என்ற தொண்டு அமைப்பு எவரெஸ்டுக்கு அழைத்துப்போனது. அந்த வருஷம் மலையில் வழக்கத்தைவிட வெப்பம், மேலேயிருந்து கல் உருண்டபடி இருந்தது. உச்சியைத் தொடாமல் திரும்பினார்கள். அமெரிக்க மரைன் படை வீரர் சார்லி லின்வில், முழங்காலுக்குக் கீழே ஒரு கால் இல்லாதவர். 2014-இல் போனார், பனிச்சரிவில் 16 நேபாளத் தொழிலாளர்கள் இறந்த வருஷம் அது, திரும்பினார். 2015-இல் நிலநடுக்கம், மறுபடி திரும்பினார். 2016 மே மாதம் ஏறி முடித்தார். இதில் எது கேவலம் என்று நீங்களே சொல்லுங்கள். என் அக்கா மகள் கல்யாணத்தில் பத்து மணிக்கே நான் வாளியைக் கீழே வைத்திருந்தால் மறுவீட்டு விருந்தாவது சாப்பிட்டிருப்பேன்.

கேள்வி: நம் நாட்டு ராணுவத்தில் இப்படி யாரும் இல்லையா?
(வாசகர், பல்லாவரம்)

பதில்: ஏன் இல்லை? ‘புல்’ குமார் என்ற நரேந்திர குமார் 1961-இல் நீலகண்ட சிகரத்தில் பனிக்கடியால் கால்விரல்களை இழந்தார். அதன் பிறகுதான் 1977-இல் காஞ்சன்ஜங்கா குழுவுக்குத் தலைமை தாங்கினார், சியாச்சினையும் ஆய்ந்தார். அங்கே அவர் பெயரில் குமார் போஸ்ட் என்ற ராணுவ நிலை இருக்கிறது. 2021-இல் மாற்றுத்திறனாளிகள் எட்டுப் பேர் 15,632 அடி உயரத்தில் உள்ள அந்த போஸ்ட் வரை நடந்து போனார்கள். அவர்களைப் பழக்கியவர்கள் முன்னாள் சிறப்புப் படை வீரர்கள்.

மேஜர் அலுவாலியா கதை தலைகீழ். 1965 மே 29 எவரெஸ்ட் உச்சி. அதே வருஷம் பாகிஸ்தானுடன் போர், முதுகுத்தண்டில் குண்டு, அப்புறம் சக்கர நாற்காலி. முதுகுத்தண்டில் அடிபட்டவர்களுக்காக டெல்லியில் ஒரு மருத்துவமனையையே கட்டி எழுப்பினார். 2022-இல் காலமானார்.

கேள்வி: கோயிலுக்குள் போகும்போது செயற்கைக் காலை என்ன செய்வீர்கள் சுபேதார்?
(வாசகி, போளூர்)

பதில்: காலை விட மாட்டேன் அம்மா, ஷூவைத்தான் விடுவேன். அதிலும் ஒரு சங்கடம் உண்டு. ஷூவின் குதிகால் உயரத்துக்கு ஏற்றபடிதான் பாதத்தைப் பொருத்தியிருப்பார்கள். அதைக் கழற்றினால் ஆள் பின்பக்கம் சாய்வான். முதல் தடவை சந்நிதியில் பின்னால் நின்ற பாட்டி மேலேயே சாய்ந்துவிட்டேன். இப்போது பழைய ஹவாய் செருப்பிலிருந்து வெட்டிய ரப்பர் துண்டு ஒன்றைச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். சாக்ஸுக்குள் குதிகாலுக்கு அடியில் செருகினால் நேராக நிற்கலாம். பூசாரி அதைச் செருப்பாகக் கணக்கில் எடுப்பதில்லை.