குளிருக்கு முன் தெற்கே: பாய்மரப் படகில் இருவர் பயணம், கேள்வி பதில்

அமெரிக்காவின் கிழக்குக் கரையோரமாக, இலையுதிர்காலத்தில் பாய்மரப் படகில் ஃபுளோரிடாவுக்கு இறங்கும் தம்பதிகள் பலர். என் கணவரும் நானும் அந்த வழியில் பழகியவர்கள். கேட்டவர்களுக்கு என் பதில்கள்.

கேள்வி: எப்போது கிளம்புவது நல்லது?

அட்லாண்டிக் புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. அது முடியட்டும் என்று வடக்கிலேயே காத்திருந்தால் குளிர் வாட்டி எடுத்துவிடும். அக்டோபரைச் செசபீக் விரிகுடாவில் கழித்துவிட்டு, மாதக் கடைசியில் அதன் வாயிலருகே உள்ள வர்ஜீனியாவின் நார்ஃபோக்கிலிருந்து புறப்படுவதே எனக்குச் சரியாகப் படுகிறது. குறிப்பிட்ட தேதிக்கு முன் தெற்கே போகக்கூடாது என்று பல காப்பீட்டு ஒப்பந்தங்களில் நிபந்தனை இருக்கும். முதலில் அதைப் படியுங்கள். இன்ன நாளில் வந்து சேர்வோம் என்று மட்டும் யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். காற்று சரியில்லாத நாளில் நங்கூரத்தைத் தூக்க வைப்பது பெரும்பாலும் அந்த வாக்குதான்.

கேள்வி: முழுக்கக் கடல் வழியாகவே போனால் சீக்கிரம் சேரலாமே?

சேரலாம். ஆனால் நடுவில் வட கரோலினாவின் ஹட்டராஸ் முனை இருக்கிறது. அங்கே வளைகுடா நீரோட்டம் கரையை நெருங்கி வடகிழக்காகப் பாய்கிறது. குளிர்காலத்து வாடைக்காற்று அதற்கு நேர் எதிரே வீசும்போது அலைகள் குட்டையாக, செங்குத்தாக, ஒன்றன்பின் ஒன்றாக எழும். முனைக்கு வெளியே டைமண்ட் மணல்திட்டுகள் வேறு. அட்லாண்டிக்கின் இடுகாடு என்று அந்தக் கடலுக்குச் சும்மா பெயர் வரவில்லை.

இருவர் மட்டுமே உள்ள படகுக்கு உள்நாட்டு நீர்வழியைத்தான் சொல்வேன். நார்ஃபோக்தான் அதன் 0 மைல். ஆறுகள், கால்வாய்கள், கழிமுகங்கள் வழியாக மயாமி வரை ஏறத்தாழ 1,090 மைல். பகலில் மட்டும், பெரும்பாலும் எஞ்சினில் ஓட்ட வேண்டும்; நாளுக்கு 50 மைல் போனாலே நல்ல ஓட்டம். நவம்பரில் மாலை ஐந்து மணிக்கே இருட்டத் தொடங்கிவிடும் என்பதால் மூன்று மணிக்குள் நங்கூரமிடும் இடத்தை முடிவு செய்துவிடுங்கள்.

கேள்வி: எங்கள் பாய்மரம் 63 அடி. பாலங்களுக்கு அடியில் நுழையுமா?

உச்சியிலுள்ள ஆன்டெனாவையும் சேர்த்து அளந்தீர்களா? நிலைப்பாலங்களின் பொது அளவு, நீர் உயர்ந்திருக்கும்போது 65 அடி. வட கரோலினாவின் வில்கர்சன் பாலம் 64 அடிதான். அந்தப் பகுதியில் நாள்கணக்காக ஒரே திசையில் வீசும் காற்றே நீர்மட்டத்தை ஏற்றி இறக்கும். கடலின் ஏற்ற இறக்க நேரங்களைச் சொல்லும் ஓத அட்டவணை உதவாது. பாலத் தூணில் எழுதியிருக்கும் எண்களைத் தொலைநோக்கியில் பாருங்கள். நீர் எந்த எண்ணைத் தொடுகிறதோ அதுவே அப்போதைய உயரம். அண்ணாந்து பார்த்தால் எல்லாப் பாலமும் இடிப்பது போலத்தான் தெரியும், எண்ணை நம்புங்கள். மயாமியின் ஜூலியா டட்டில் பாலம் 56 அடிதான். அதனால் ஃபோர்ட் லாடர்டேலில் கடலுக்குள் இறங்கி மயாமியில் மீண்டும் நுழைய வேண்டும்.

கேள்வி: என் மனைவி சுக்கானைத் தொடவே தயங்குகிறார். நான் ஒருவனே சமாளித்துவிட முடியாதா?

முடியாது என்றே சொல்வேன். நீங்கள் தவறிக் கடலில் விழுந்தால் படகைத் திருப்பி வரப்போவது அவர்தான். எஞ்சினை இயக்க, பாயை இறக்க, ரேடியோவில் 16ஆம் அலைவரிசையில் உதவி கேட்க இருவருக்குமே தெரிந்திருக்க வேண்டும். நங்கூரமிடும்போது இதைத் தொடங்குங்கள். சங்கிலியை இழுக்கத்தான் பலம் வேண்டும், சுக்கானுக்கு வேண்டாம். நீங்கள் முன்னால் போங்கள், சுக்கான் அவர் கையில் இருக்கட்டும். முன்னே, பின்னே, நிறுத்து, இடம், வலம் ஆகியவற்றுக்குக் கைச்சைகைகளை முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் இரைச்சலில் கத்தினால் கோபம் மட்டும்தான் அடுத்தவர் காதில் விழும். தயக்கம் பெரும்பாலும் அந்தக் கத்தலிலிருந்தே வருகிறது.

கேள்வி: ஜார்ஜியாவில் தரை தட்டும் என்று பயமுறுத்துகிறார்களே?

அங்கே நீர் ஏழு முதல் ஒன்பது அடி வரை ஏறி இறங்கும். ஜெகில் ஓடை, லிட்டில் மட் ஆறு போன்ற இடங்களில் நீர் வற்றினால் சேறுதான் மிச்சம். நீர் ஏறத் தொடங்கிய பிறகு நுழையுங்கள்; தட்டினாலும் அதே நீர் தூக்கிவிடும். இறங்கும் நீரில் தட்டினால் மணிக்கணக்கில் சாய்ந்து கிடக்க வேண்டியதுதான். தெற்கே போகும்போது, நீர்வழியின் ஓரத்தைக் காட்டும் சிவப்புக் குறிகள் வலப்பக்கம் வர வேண்டும். முகத்துவாரங்களின் அருகே நிறம் குழப்பும். அங்கே மஞ்சள் முக்கோணம் உள்ள குறியை வலப்பக்கத்திலும் மஞ்சள் சதுரம் உள்ள குறியை இடப்பக்கத்திலும் விட்டுப் போங்கள்.

கேள்வி: படகின் முகப்பில் பழுப்பு மீசை போலக் கறை படிந்துவிட்டது. தேய்த்தால் போகவில்லை.

சதுப்பு நிலத்து இலைகளும் மரப்பட்டைகளும் ஊறிய தண்ணீர், தேநீர் நிறத்தில் இருக்கும். அதன் சாயம்தான் அது. சோப்பு வேலைக்கு ஆகாது, அமிலம் வேண்டும். எலுமிச்சைச் சாற்றைப் பூசிச் சற்று ஊறவிட்டுக் கழுவுங்கள். பிடிவாதமான கறைக்கு ஆக்ஸாலிக் அமிலம் கலந்த கலவை, கையுறை அவசியம். ஃபுளோரிடா சேர்ந்த பிறகு செய்தால் போதும், அதுவரை தினமும் புதிதாகப் படியும்.