வரலாறு கேட்கும் மகளுக்குக் கடனில் இன்ஜினியரிங் எதற்கு?

மதுரைப் பக்கத்திலிருந்து ஓர் அப்பா கேட்டிருக்கிறார். மகள் பி.ஏ. வரலாறுதான் வேண்டும் என்கிறாள். எதிர்பார்க்கும் இன்ஜினியரிங் கட் ஆஃப் 200க்கு 112. ஏஐ, டேட்டா சயின்ஸில் மேனேஜ்மென்ட் கோட்டா சீட் பார்த்து வைத்திருக்கிறாராம் சித்தப்பா.

உங்கள் பயம் புரிகிறது. ஆனாலும் அந்த சீட்டை வாங்காதீர்கள், ஐயா. கணக்கில் தட்டுத்தடுமாறும் பிள்ளைக்கு முதல் செமஸ்டரிலேயே கணக்குதான் காத்திருக்கிறது. கல்விக் கடன் 4 லட்சம் வரை பிணை இல்லாமல் கிடைக்கும், சரி. ஆனால் படிக்கும்போதே வட்டி ஏறும். படிப்பு முடிந்து ஓராண்டில் தவணை தொடங்கிவிடும். அதைக் கட்டப்போவது நீங்கள், சித்தப்பா இல்லை. அரசு கலைக் கல்லூரியில் மூன்று வருடத்துக்கும் சேர்த்துக் கட்டும் கட்டணம், அந்த சீட்டின் ஒரு செமஸ்டர் செலவுக்குக்கூட வராது.

பி.எட்., டிஎன்பிஎஸ்சி எல்லாம் நீங்கள் அறிந்த வழிகள்தான். யாரும் சொல்லாத ஒன்று கல்வெட்டியல். கீழக்குயில்குடி சமணர் மலையில் சிற்பங்களுக்குக் கீழே இருக்கும் வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தை போட்டோ எடுத்துவந்து நோட்டில் எழுதிப் பார்க்கிறாள் என்று குறையாகச் சொல்லியிருக்கிறீர்களே, அந்தத் துறைக்குத் தேவையே அந்த ஆர்வம்தான்.

கல்வெட்டைப் படியெடுப்பது கைவேலை. கல்லைத் தேய்த்துக் கழுவி, ஈரத் தாளை ஒட்டி, எழுத்தின் பள்ளத்துக்குள் தாள் இறங்கும்படி பிரஷ்ஷால் தட்டி, மேலே மை ஒற்றுவார்கள். எழுத்து வெள்ளையாகவும் சுற்றிலும் கறுப்பாகவும் வரும். அப்புறம்தான் வாசிப்பு: தமிழி (தமிழ் பிராமி), வட்டெழுத்து, கிரந்தம் என்ற பழைய எழுத்து வகைகள் மூன்றும் பழக வேண்டும். யார் நிலம் கொடுத்தார், என்ன வரி விதித்தார்கள், ஏரியை யார் பராமரித்தார்கள் என்பதெல்லாம் அதில் கிடக்கிறது.

எம்.ஏ. முடித்தவர்களுக்குத் தமிழக அரசின் தொல்லியல் துறை சென்னையில் இரண்டாண்டு முதுநிலைப் பட்டயப் படிப்பு நடத்துகிறது, உதவித்தொகையும் உண்டு. மத்தியத் தொல்லியல் துறையின் படிப்பு கிரேட்டர் நொய்டாவில் இருக்கிறது. அதற்கான தகுதியில் 2020இல் தமிழ் எம்.ஏ.வும் சேர்க்கப்பட்டது. தொல்லியல் அலுவலர் பணிக்கு டிஎன்பிஎஸ்சி தேர்வு நடத்துகிறது. இடங்கள் குறைவு, வருடாவருடம் அறிவிப்பும் வராது. அதனால் எம்.ஏ.வோடு, கல்லூரி ஆசிரியர் வேலைக்கான நெட் தகுதித் தேர்வுக்கும் அவள் படித்தே ஆக வேண்டும். அதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

மே மாதம் ரிசல்ட் வரும்போதே அரசு கல்லூரி விண்ணப்பமும் வந்துவிடும். அதுவரை எந்தக் கல்லூரிக்கும் முன்பணம் கட்டாதீர்கள்.