திரெட் கூடியும் வேகம் குறைகிறதே, ஏன்?

கேள்வி: எந்தப் பக்கம் எத்தனை முறை திறக்கப்பட்டது என்று ஒரே ஹேஷ் டேபிளில் (சாவியைக் கொடுத்தால் அதற்குரிய எண்ணைத் தரும் அட்டவணை) எண்ணுகிறோம். 4 திரெட்டை (நிரலுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் தனித்தனி வேலை ஓட்டம்) 16 ஆக்கியதும் வேகம் குறைந்துவிட்டது. லாக் (ஒரு நேரத்தில் ஒரு திரெட்டை மட்டும் உள்ளே விடும் பூட்டு) இல்லாத டேபிள் ஒன்றை விலை கொடுத்து வாங்கச் சொல்கிறார் ஆலோசகர். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். முதலில் உங்கள் சாவிகளை, அதாவது பக்கங்களின் பெயர்களைப் பாருங்கள். முகப்புப் பக்கம் போன்ற நாலைந்து சாவிகளுக்கே பெரும்பாலான வருகை போகும். லாக் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அந்த எண் நினைவகத்தில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. ஒரு கோர் (சிப்பில் திரெட்டை ஓட்டும் அலகு) அதைக் கூட்டும்போது மற்ற கோர்கள் காத்திருக்கத்தான் வேண்டும். பக்கத்து எண்களும் இதில் மாட்டும். வழக்கமான சர்வர் சிப்பில் கோர்கள் நினைவகத்தை 64 பைட் துண்டுகளாகப் பிடிக்கின்றன. 8 பைட் எண்கள் எட்டு அதில் அடங்கும். வெவ்வேறு எண்ணைக் கூட்டும் இரண்டு கோர்களும் ஒரே துண்டுக்கு அடித்துக்கொள்ளும்.

விற்க வருபவர் காட்டும் வேக வரைபடத்தை நம்பாதீர்கள். சாவிகள் சீராகப் பரவி, பெரும்பாலும் படிப்பது மட்டுமே நடக்கும் சோதனையில் எந்த டேபிளும் பறக்கும். உங்கள் நேற்றைய வருகைப் பதிவுகளை அதே வரிசையில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். அளந்து பார்க்க ஒரு நாள் கேட்டால் தராத நிர்வாகம், வாங்குவதற்கு மட்டும் உடனே கையெழுத்துப் போடுகிறது. இதைப் பார்த்துப் பார்த்து எனக்குச் சலித்துவிட்டது.

இன்னொரு பொறி: பல திரெட்டுகள் சேர்ந்து பயன்படுத்துவதற்கென்றே உள்ள ஹேஷ் டேபிளான ஜாவாவின் கான்கரண்ட்ஹேஷ்மேப்பில் எண்ணை எடுத்து, கூட்டி, திரும்ப வைத்தால் கணக்கு தப்பும். இரண்டு திரெட்டும் 41ஐப் படிக்கும், இரண்டும் 42 என்று எழுதும். ஒரு வருகை போச்சு. மெர்ஜ் என்ற ஒரே அழைப்பில் கூட்டுங்கள்.

உங்களுக்கு ஏற்றது, திரெட்டுக்கு ஒரு தனி டேபிள். அதில் லாக்கே வேண்டாம். நொடிக்கு ஒருமுறை எல்லாவற்றையும் கூட்டிக்கொள்ளலாம்.

ஒரே விலக்கு: அந்தக் கணத்திலேயே சரியான எண் வேண்டுமென்றால் இது உதவாது. நிமிடத்துக்கு 100 கோரிக்கைதான் என்று ஒருவரைத் தடுக்க வேண்டும் என்று வையுங்கள். 16 டேபிள்களில் சிதறிய கணக்கு, 100ஐத் தாண்டிய பிறகுதான் தெரியவரும். அங்கே ஒரு பயனரின் கோரிக்கைகள் எல்லாம் ஒரே திரெட்டுக்குப் போகும்படி, பயனரையே சாவியாக வைத்துப் பிரித்துவிடுங்கள். அன்றாட அறிக்கை, மாதக் கணக்கு எல்லாம் இந்த விலக்கில் சேராது. அவற்றுக்கு ஒரு நொடித் தாமதம் பொருட்டே இல்லை.

கூட்டும்போது ஓடிக்கொண்டிருக்கும் டேபிளுக்குள் கைவைக்காதீர்கள். திரெட்டே தன் டேபிளைக் கொடுத்துவிட்டு, காலியான ஒன்றை எடுத்துக்கொள்ளட்டும்.