38,500 ரூபாய் கேபிள் கோட்டேஷன்: எந்த ஒயரில் காசு போடலாம்?

கேள்வி: பணி ஓய்வுப் பணத்தில் ஒரு ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையரும் 6 ஓம் ஸ்பீக்கர் ஜோடியும் வாங்கினேன். அப்பா சேர்த்து வைத்த இசைத்தட்டுகளுக்காக ஒரு டர்ன்டேபிளும் உண்டு. அதில் ஓர்ட்டோஃபோன் 2எம் ரெட் கார்ட்ரிட்ஜ் (தட்டின் மேல் ஓடும் ஊசித் தலை). டிவி சத்தமும் இதே ஆம்ப்ளிஃபையரில்தான். இடது ஸ்பீக்கருக்கு 3 மீட்டர் ஒயர் போதும். வலது ஸ்பீக்கருக்கு வாசலைச் சுற்றி 8 மீட்டர் போக வேண்டும். இன்ஸ்டாலேஷனுக்கு வந்தவர் எல்லா ஒயரையும் மாற்றச் சொல்லி 38,500 ரூபாய்க்குக் கோட்டேஷன் கொடுத்திருக்கிறார். என்னால் முடிந்தது 5,000. எதை முதலில் மாற்றுவது? டிவி போட்டால் ‘ம்ம்ம்’ என்று ஓர் இரைச்சலும் வருகிறது. – வாசகர், திருநெல்வேலி

பதில்: கோட்டேஷன் நகலையும் அனுப்பியிருந்தீர்கள், நன்றி. ஸ்பீக்கர் கேபிள் 14,000, ஆர்சிஏ கேபிள் (ஒரு பெட்டியிலிருந்து இன்னொன்றுக்குப் பாட்டின் சிக்னலைக் கொண்டுபோவது) 6,500, எச்டிஎம்ஐ 4,000, பவர் கார்டு 9,500, பொருத்தும் கூலி 4,500. அழகாக டைப் அடித்திருக்கிறார். உங்கள் 5,000 ரூபாயே தாராளம், அதிலும் மீதி வரும்.

இரண்டே இடங்களில் ஒயர் முக்கியம். ஒன்று, கரண்ட் அதிகமாகவும் தூரம் நீளமாகவும் இருக்கும் இடம். உங்கள் வீட்டில் அது வலது ஸ்பீக்கர். இன்னொன்று, சிக்னல் துளியூண்டாக இருக்கும் இடம். அது டர்ன்டேபிள். மற்ற இடங்களில் பெட்டியோடு வந்த கேபிளே போதும்.

ஸ்பீக்கரிலிருந்து ஆரம்பிப்போம். மின்சாரத்துக்கு ஒயரே கொடுக்கும் தடை ஒன்று உண்டு, அதை ஓமில் அளப்பார்கள். அது ஸ்பீக்கரின் ஓம் கணக்கில் 5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது இந்தத் தொழிலில் பழகிப்போன அளவு. உங்கள் 6 ஓமுக்கு அது 0.3 ஓம். தாண்டினால் என்ன? பின்னால் 6 ஓம் என்று எழுதியிருந்தாலும் ஸ்பீக்கர் எப்போதும் 6 ஓமாக இருப்பதில்லை. ஒரு சுரத்துக்கு 4 ஆக இறங்கும், இன்னொன்றுக்கு 20 வரை ஏறும். ஒயர் மெல்லியதாக இருந்தால், இறங்கும் இடத்திலெல்லாம் அது கொஞ்சம் சத்தத்தைத் தின்றுவிடும். அதனால்தான் பாட்டின் நிறமே மாறுகிறது.

எலெக்ட்ரிக்கல் கடையில் ஒயரை இழைக் கணக்கில் 23/76, 40/76, 70/76 என்று கேட்பார்கள். முதல் எண் இழைகளின் எண்ணிக்கை, இரண்டாவது இழையின் தடிமன். 8 மீட்டர் என்றால் போக 8, வர 8, மொத்தம் 16 மீட்டர் செம்பு. 23/76 போட்டால் தடை 0.42 ஓம் வருகிறது, வேண்டாம். 40/76 போட்டால் 0.24, தேறிவிடும். 70/76 அல்லது 2.5 சதுர மில்லிமீட்டர் போட்டால் 0.14-க்குக் கீழே வந்துவிடும், அதற்கப்புறம் அதைப் பற்றி நினைக்கவே வேண்டாம். ஐஎஸ்ஐ முத்திரை போட்ட இரட்டைக் கோர் செம்பு ஃப்ளெக்ஸிபிள் ஒயர், 2.5 சதுர மில்லிமீட்டர், 11 மீட்டர். அயர்ன் பாக்ஸுக்கு ஒயர் வாங்கும் அதே கடையில் கிடைக்கும். ‘ஆக்ஸிஜன் இல்லாத செம்பு’ என்று ஒன்றைத் தலையில் கட்டுவார்கள். சாதாரண மின்சாரச் செம்பே 99.9 சதவீதம் சுத்தம்; அதற்கும் இதற்கும் கடத்துத்திறனில் 1 சதவீதம் வித்தியாசம்கூட இல்லை.

இரண்டு பக்கமும் ஒரே நீளம் இருக்க வேண்டும் என்று கோட்டேஷன் கொடுத்தவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். 5 மீட்டர் கூடுதலாகப் போக மின்சாரத்துக்கு ஆகும் நேரம் எந்தக் காதுக்கும் எட்டாது. சுருட்டி சோபாவுக்குப் பின்னால் போட 5 மீட்டரை அதிகமாக விற்கிறார், அவ்வளவுதான்.

இனி, நான் ஓயாமல் புலம்பும் விஷயம். சந்தையில் ‘ஸ்பீக்கர் ஒயர்’ என்று கண்ணாடி மாதிரி உறை போட்டு, விரல் தடிமனில், தகதகவென்று ஒன்று தொங்கும். அதில் பெரும்பாலானது அலுமினியத்தின் மேல் செம்புப் பூச்சு. செம்பைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு தடை. வளைத்து வளைத்து எடுத்தால் ஒடியும், திருகாணிக்குள் நாளாக ஆகத் தளரும். வாங்கும்போதே ஒரு சாண் நறுக்கித் தரச் சொல்லுங்கள். ஓர் இழையை எடுத்து பிளேடால் சுரண்டுங்கள். சுரண்டிய இடம் வெள்ளையாகப் பல்லைக் காட்டினால் அலுமினியம். சந்தேகம் தீரவில்லையா, அதே இழையை லைட்டர் தீயில் காட்டுங்கள். செம்பு சிவந்து நிற்கும். அலுமினியம் தொங்கி, உருகி, சின்ன முத்தாக உருண்டுவிடும். வெளியே வெள்ளை, சுரண்டினால் உள்ளே சிவப்பு என்று ஒன்று வந்தால் பயப்படாதீர்கள். அது வெள்ளீயம் பூசிய செம்பு, நல்ல சரக்கு, கடலோர ஊர்களுக்கு இன்னும் நல்லது.

சுரண்டிப் பார்க்க விடாத கடையில் வாங்காதீர்கள். இதை நான் சொல்ல வேண்டியிருப்பதே கேவலம். அரிசியில் கல் கலந்தால் கேட்க ஆள் உண்டு. ஒயரில் அலுமினியம் கலந்து ‘செம்பு’ என்று சீட்டு எழுதினால் எங்கே போய்ச் சொல்வது? பில் கேட்டால் ‘ஆடியோ சாமான்’ என்று ஒற்றை வரி.

போன வருடம் ஒரு வீட்டுக்குப் போனேன். வலது பக்கம் மட்டும் பாட்டு மங்கலாக வருகிறது என்று ஆம்ப்ளிஃபையரை இரண்டு தடவை மாற்றிவிட்டார்கள். சுவர் பிளேட்டைக் கழற்றினேன். உள்ளே இன்டீரியர்காரர் விட்ட ஒயர் எட்டவில்லை என்று வேறு ஒரு மெல்லிய ஒயரை முறுக்கி, கறுப்பு டேப் சுற்றியிருந்தார்கள். டேப் வெயிலில் பிசினாகி வழிந்திருந்தது. முறுக்கில் பாசி பிடித்த மாதிரி பச்சைக் களிம்பு. அதை நறுக்கி, புதிதாகச் சீவி இணைத்ததும் பாட்டு திரும்பியது. நல்ல கேபிள் என்று நாம் தேடுவதில் பாதி, நல்ல முனைதான்.

அடுத்தது டர்ன்டேபிள். இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் இங்கே மட்டும் ‘விலை கூடினால் தரம் கூடும்’ என்ற நினைப்பு உங்களைத் தலைகீழாகக் கவிழ்க்கும். சிடி பிளேயர் 2 வோல்ட் கொடுக்கிறது. உங்கள் கார்ட்ரிட்ஜ் கொடுப்பது 5.5 மில்லிவோல்ட், கிட்டத்தட்ட 360-ல் ஒரு பங்கு. அதனால் நல்ல ஷீல்டு, அதாவது வெளி இரைச்சலைத் தடுக்கும் உலோக உறை, அவசியம். ஆனால் ஷீல்டு கேபிள் எல்லாமே ஒரு குட்டி கெப்பாசிட்டர் மாதிரியும் நடந்துகொள்ளும், அதாவது கொஞ்சம் மின்சாரத்தைப் பிடித்து வைக்கும்; அதை பைகோஃபாரட்டில் அளப்பார்கள். உங்கள் கார்ட்ரிட்ஜுக்கு அதைச் செய்தவர்கள் சொல்லும் அளவு 150-லிருந்து 300 பைகோஃபாரட். கேபிளும் ஆம்ப்ளிஃபையரின் ஃபோனோ நுழைவும் (டர்ன்டேபிளைச் செருகும் ஓட்டை) சேர்ந்து இந்த எல்லைக்குள் இருக்க வேண்டும். மீட்டருக்கு 60 பைகோஃபாரட் உள்ள கேபிளும் உண்டு, 200 உள்ளதும் உண்டு. அந்த 200-ல் ஒன்றரை மீட்டர் போட்டால் கேபிளே 300-ஐ முடித்துவிடும்; ஃபோனோ நுழைவில் 150 இருந்தால் மொத்தம் 450. அப்போது மேல் சுரங்களில் ஒரு மேடு எழும்பும். ஜாலரா சீறும், பாடுபவரின் ‘ஸ’ பல்லிடுக்கில் சிக்கிய மாதிரி கேட்கும். ரெக்கார்டு தேய்ந்துவிட்டது என்று அப்பாவின் தட்டுகளைப் பழி சொல்வீர்கள். தடியான, கனமான, விலை அதிகமான கேபிள் இந்த விஷயத்தில் மோசமாகவும் இருக்கலாம் என்று சொல்ல வருகிறேன்.

அளப்பது சுலபம். கெப்பாசிட்டன்ஸ் அளக்கும் மல்டிமீட்டர் போதும். கேபிளின் இரு முனைகளையும் கழற்றிவிட்டு, ஒரு முனையில் நடு ஊசியிலும் வெளி வளையத்திலும் மீட்டரைத் தொடுங்கள். 0.12 நானோஃபாரட் என்று காட்டினால் 120 பைகோஃபாரட். மீட்டர் சும்மா இருக்கும்போது காட்டும் எண்ணைக் கழித்துக்கொள்ளுங்கள். ஃபோனோ நுழைவின் எண் ஆம்ப்ளிஃபையர் கையேட்டின் கடைசிப் பக்கங்களில் இருக்கும். இதற்கெல்லாம் முன்னால் டர்ன்டேபிளின் முதுகைப் பாருங்கள். ‘ஃபோனோ / லைன்’ என்று ஒரு சுவிட்ச் இருந்து அது ‘லைன்’ பக்கம் இருந்தால், உள்ளேயே சிக்னலைப் பெரிதாக்கி அனுப்புகிறது. அப்படியானால் வெளிக் கேபிளின் பைகோஃபாரட்டை மறந்துவிடலாம்.

மற்ற ஆர்சிஏ கேபிள்களில் ஓடும் கரண்ட், மில்லி ஆம்பியரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஒரு மீட்டருக்கு எதைப் போட்டாலும் ஒன்றே. எச்டிஎம்ஐ எண்களைக் கடத்துகிறது. வந்தால் முழுசாக வரும், கெட்டால் விட்டு விட்டு வரும். ‘இனிமையான எச்டிஎம்ஐ’ என்று ஒன்று கிடையாது. 2007-ல் அமெரிக்க மாயவித்தைக்காரர் ஜேம்ஸ் ராண்டி, 7,250 டாலர் ஸ்பீக்கர் கேபிளைக் கண்ணால் பார்க்காமல் காதால் மட்டும் கண்டுபிடிப்பவருக்குப் பத்து லட்சம் டாலர் என்றார். அந்தப் பணத்தை யாரும் வாங்கிப் போகவில்லை.

9,500 ரூபாய் பவர் கார்டைப் பற்றிக் கோபமில்லாமல் எழுத வரவில்லை. உங்கள் ஆம்ப்ளிஃபையர் முழு மூச்சில் பாடினாலும் இரண்டு ஆம்பியர் தாண்டுவது அபூர்வம். கார்டை விடுங்கள், சாக்கெட்டைப் பாருங்கள். பிளக்கைச் செருகி ஒரு மணி நேரம் கழித்துத் தொட்டால் சுடுகிறதா? தொளதொளவென்று ஆடுகிறதா? சாக்கெட்டை மாற்றுங்கள்.

அந்த ‘ம்ம்ம்’ இரைச்சலும் எந்த விலை கேபிளாலும் போகாது. டிவி ஓடிக்கொண்டிருக்கும்போது, செட்டாப் பாக்ஸின் பின்னால் இருக்கும் கேபிள்காரரின் ஒயரைக் கழற்றுங்கள். இரைச்சல் நின்றால், தெருவிலிருந்து வரும் அந்த ஒயரின் எர்த்தும் உங்கள் வீட்டு எர்த்தும் ஆம்ப்ளிஃபையருக்குள் சண்டை போடுகின்றன என்று அர்த்தம். டிவியிலிருந்து ஆம்ப்ளிஃபையருக்கு ஆப்டிகல் கேபிள் போட்டால் சண்டை முடிந்தது. அதில் வெளிச்சம்தான் போகிறது, மின்சாரம் இல்லை. ஆம்ப்ளிஃபையரில் அந்த ஓட்டை இல்லையென்றால், ஆப்டிகலை ஆர்சிஏவாக மாற்றும் சின்னப் பெட்டி ஒன்று போதும். கழற்றியும் நிற்கவில்லை என்றால் எல்லாப் பிளக்கையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகிப் பாருங்கள்.

யாராவது ‘எர்த் பின்னை ஒடித்துவிடுங்கள் சார், சத்தம் நின்றுவிடும்’ என்பார்கள். சத்தம் நிற்கும். என்றைக்காவது உள்ளே ஒயர் உரசினால் ஆம்ப்ளிஃபையரின் உலோக உடம்பில் 230 வோல்ட்டும் நிற்கும். மூன்று ஓட்டை சாக்கெட் இருந்தும் உள்ளே எர்த் ஒயரே இல்லாத வீடுகளை வாரம் ஒன்றாவது பார்க்கிறேன். வீடு கட்டியவர், ஒயரிங் செய்தவர், பார்த்துக் கையெழுத்துப் போட்டவர் என எல்லோருக்கும் காகிதத்தில் எர்த் இருக்கிறது. லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியனை வைத்து ஒரு தடவை அளந்துவிடுங்கள். மிச்சமாகும் பணத்தில் அதைச் செய்தால் போதும்.

ஸ்பீக்கர் ஒயரைப் பூட்டும்போது ஆம்ப்ளிஃபையரின் பிளக்கை உருவிவிடுங்கள். ஒரு செண்டிமீட்டர் மட்டும் சீவி, இழைகளை இறுக்கி முறுக்குங்கள். ஒற்றை இழை பக்கத்துத் திருகாணியைத் தொட்டாலும் ஆம்ப்ளிஃபையர் போய்விடலாம். இரு பக்கமும் சிவப்புக்குச் சிவப்பு. வாசலைச் சுற்றிப் போவதைச் சுவருக்குள் விடுவதாக இருந்தால் குழாய்க்குள் விட்டு, நடுவில் இணைப்பு போடாமல் ஒரே துண்டாக இழுக்கச் சொல்லுங்கள். பூசுவதற்கு முன் மொபைலில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பக்கத்தில் ஸ்கேலை வைத்து.