நோயாளியிடம் 'உங்கள் சமூகம் எது?' என்று கேட்கலாமா?

கேள்வி: செவிலியர் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். நோயாளியின் ஆன்மிகத் தேவைகளை அறிய உதவும் ஆங்கிலக் கேள்விகளைத் தமிழாக்கி, இறுதியாண்டு மாணவியரிடம் கொடுத்து வார்டுக்கு அனுப்பினேன். நோயாளிகள் முகம் சுளிப்பதாகச் சொல்கிறார்கள். எங்கே தவறினேன்?
– வாசகி, கடலூர்

பதில்: நீங்கள் அனுப்பிய தாளில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. அமெரிக்க மருத்துவர் கிறிஸ்டினா புச்சால்ஸ்கி 1996இல் உருவாக்கிய 'ஃபைகா' முறையை, அதாவது நோயாளியின் நம்பிக்கை, வாழ்வில் அதற்குள்ள இடம், அவருக்குத் துணைநிற்போர், சிகிச்சையில் இவற்றுக்குச் செய்ய வேண்டியது ஆகிய நான்கையும் விசாரிக்கும் முறையை, சொல்லுக்குச் சொல் தமிழாக்கியிருக்கிறீர்கள். சிக்கல் அங்கேதான். 'உங்களுக்கு நம்பிக்கை இருக்கிறதா?' என்று புற்றுநோயாளியிடம் கேட்டால், 'ஏன் சிஸ்டர், நான் பிழைக்க மாட்டேனா?' என்றுதான் பதறுவார். 'உங்கள் சமூகம் எது?' என்பது இன்னும் மோசம். மூலத்தில் அது உற்றாரையும் நண்பர்களையும் சேர்ந்து வழிபடுவோரையும் குறிக்கிறது. நம் ஊரில் அது சாதி. 'கம்யூனிட்டி' என்றே விட்டுவிட்டாலும் தப்ப முடியாது. அரசிடம் விண்ணப்பித்து வாங்கும் சாதிச் சான்றிதழுக்கே அதுதானே பெயர்!

தமிழாக்கத்தை மூலத்தைப் பார்க்காத ஒருவரிடம் கொடுத்து மீண்டும் ஆங்கிலமாக்கிச் சரிபார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். நல்ல வழக்கம்தான், ஆனால் 'சமூகம்' அங்கே ஒழுங்காகக் 'கம்யூனிட்டி'யாகவே திரும்பி வந்துவிடும், பிழை பிடிபடாது. ஐந்தாறு நோயாளிகளிடம் கேள்வியைப் படித்துக்காட்டி, 'இது உங்களுக்கு என்னவாகப் புரிந்தது?' என்று கேட்டால்தான் பிடிபடும். 'மனசு கலங்கினா எதைப் பிடிச்சுக்கிட்டு நிப்பீங்க ஐயா?', 'ஒண்ணுன்னா யாரு ஓடி வருவாங்க?' என்பவை போன்ற கேள்விகளை வைத்து முயன்று பாருங்கள். 'ஆன்மிகம்' என்ற சொல்லையும் வகுப்பறையிலேயே விட்டுவிடலாம்; வார்டில் அதைக் கேட்டவர்கள் கோயில் குளத்தைத்தான் நினைப்பார்கள்.

மத அடையாளத்தை மட்டும் குறித்துக்கொள்வதும் போதாது. வள்ளலார் 1867இல் தருமசாலை தொடங்கிய வடலூர் உங்கள் மாவட்டத்தில்தான் இருக்கிறது. நான் பணியாற்றிய மருத்துவமனையில் வள்ளலார் வழியில் புலால் மறுத்த சன்மார்க்கப் பெரியவர் ஒருவர் மாத்திரைகளை விழுங்கிவிட்டு, கேப்சூலை மட்டும் தலையணைக்கடியில் ஒளித்துவைப்பார். 'பிடிவாதக்காரர்' என்று குறிப்பேட்டில் எழுதினோம். கேப்சூலின் உறை விலங்குகளிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் என்பதால் உண்ண மறுக்கிறார் என்பதை மூன்றாம் நாள் அவர் மனைவிதான் சொன்னார். எங்கள் படிவத்தில் 'இந்து' என்று மட்டும் இருந்தது. மருத்துவர் அதே மருந்தைச் சிரப்பாக எழுதிக் கொடுத்ததும் குடித்துவிட்டார்.

கேள்வி: எங்கள் வகுப்பில் மாஹேயிலிருந்து மலையாளம் பேசுவோரும் ஏனாமிலிருந்து தெலுங்கு பேசுவோரும் இருக்கிறார்கள். தமிழ் நோயாளியிடம் இவற்றையெல்லாம் எப்படிக் கேட்பது?
– செவிலியர் மாணவர், புதுச்சேரி

பதில்: தமிழ் வாக்கியங்களை அவர்கள் மனப்பாடம் செய்ய வேண்டாம்; நோயாளி பதில் சொன்னதும் அடுத்து என்ன கேட்பதென்று தெரியாமல் விழிப்பார்கள். முதலில் அவரவர் தாய்மொழியில், ஒருவர் நோயாளியாகவும் மற்றவர் செவிலியராகவும் அமர்ந்து பேசிப் பழகட்டும். (மலையாளத்தின் 'சமுதாயம்' நம் 'சமூக'த்துக்குச் சளைத்ததல்ல என்பது அப்போதே தெரிந்துவிடும்.) பிறகு தமிழ் மாணவர் ஒருவருடன் இணையாக வார்டுக்குச் செல்லலாம். நோயாளியின் மகனையோ மகளையோ மட்டும் மொழிபெயர்க்கச் சொல்ல வேண்டாம்; பிள்ளைகளின் காதில் விழக்கூடாது என்று நினைப்பதைத்தான் பெற்றோர் இரவு ட்யூட்டியில் இருக்கும் சிஸ்டரிடம் சொல்கிறார்கள்.