வென்ற சட்டம் உங்கள் பில்லுக்குப் பொருந்துமா?

கேள்வி: அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் 14 வருடமாக ஃபார்மசி நடத்துகிறேன். மருந்துக் காப்பீட்டுக்கு இடைத்தரகு பார்க்கும் பி.பி.எம். நிறுவனம், கொள்முதல் விலைக்கும் கீழே பணம் தருகிறது. என் வாடிக்கையாளர்களைத் தன் சொந்தக் கடைக்கு இழுக்கிறது. போனில் மரியாதைகூட இல்லை. நஷ்டத்துக்கு விற்க வேண்டியதில்லை என்று மாநிலச் சட்டமே சொல்வதால், சிலருக்கு மருந்து தர மறுத்தேன். இப்போது நெட்வொர்க்கிலிருந்து, அதாவது பி.பி.எம். பணம் தரும் கடைகளின் பட்டியலிலிருந்து, நீக்குவதாக நோட்டீஸ் வந்திருக்கிறது. அமெரிக்க உச்ச நீதிமன்றமே நம் பக்கம் சொன்ன பிறகு இது எப்படி? வழக்குப் போடலாமா?

பதில்: மரியாதையை விடுங்கள். வாடிக்கையாளரை இழுத்ததையும் விடுங்கள், பி.பி.எம். சொந்தக் கடை வைக்கக் கூடாது என்ற 2025 சட்டத்துக்கு அந்த ஜூலையிலேயே ஃபெடரல் நீதிமன்றம் தடை போட்டது. எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: நீங்கள் மறுத்த ஒவ்வொரு மருந்துச் சீட்டும் எந்தக் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ் வந்தது?

நீங்கள் நம்பியிருப்பது ஆர்கன்சாவின் 2015-ஆம் ஆண்டுச் சட்டம் 900. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் 8-0 என்று அதைக் காப்பாற்றியது உண்மை. ஆனால் அங்கே விசாரித்தது எரிசாவை, அதாவது முதலாளிகள் ஊழியர்களுக்குத் தரும் திட்டங்களுக்கான ஃபெடரல் சட்டத்தை மட்டுமே. மெடிகேர் பார்ட் டி, அதாவது முதியோருக்கான ஃபெடரல் காப்பீட்டின் மருந்துத் திட்ட விஷயத்தில் சட்டம் 900 செல்லாது என்று 2018-இல் எட்டாவது சர்க்யூட் என்ற ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது உச்ச நீதிமன்ற மேல்முறையீட்டில் பரிசீலனைக்கே வரவில்லை. செய்தித்தாள் தலைப்பில் இது வராது.

என்னிடம் வருகிறவர்கள் விழும் குழி இதுதான். ஜெயித்துவிட்டோம் என்று எல்லா பில்லுக்கும் ஒரே அளவுகோலை எடுக்கிறார்கள். கம்பெனி ஊழியருக்கு மறுத்தால் மாநிலச் சட்டம் உங்கள் பக்கம் நிற்கும். பார்ட் டி-யில் வரும் 70 வயதுப் பெரியவருக்கு அதே காரணத்தைச் சொல்லி மறுத்தால் அது ஒப்பந்த மீறல். நீக்குவதற்கு நீங்களே காரணத்தை எழுதிக் கொடுத்த மாதிரி. நெட்வொர்க் போனால் கடைக்கு வரும் சீட்டில் எத்தனை மிஞ்சும்? பில்லுக்குச் சில டாலர் நஷ்டம் அதோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை. இன்னொன்று: நான் பார்த்த ஒப்பந்தங்களில் பெரும்பாலானவை சண்டையை நடுவர் விசாரணைக்குத்தான் அனுப்பும். ஜூரி முன்னால் நியாயம் கேட்கும் கனவு வேண்டாம்.

மறுத்தவற்றில் பார்ட் டி ஒன்றிரண்டு இருந்தாலும் சமரசத்துக்குப் போங்கள். இனி மறுக்க மாட்டேன் என்று எழுத்தில் கொடுத்து, நோட்டீஸைத் திரும்பப் பெறச் சொல்லுங்கள். முழுக்கக் கம்பெனித் திட்டங்கள்தான் என்றால் கதை வேறு: பி.பி.எம்.மிடம் விலை முறையீட்டை மொத்த வியாபாரியின் இன்வாய்ஸோடு போடுங்கள், ஏற்றுக்கொண்டால் பழைய பில்லை ரத்து செய்து புது விலைக்குத் திரும்பப் போட சட்டம் 900 இடம் தருகிறது.

எதுவானாலும், நோட்டீஸில் உள்ள கெடு தேதிக்கு முன் ஒப்பந்தத்தை ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். அதுவரை பார்ட் டி சீட்டு எதையும் திருப்பி அனுப்பாதீர்கள்.